கல்லில் ஒரு பெயர், காகிதத்தில் ஒரு பெயர்: அமெரிக்கா வந்த சீன மூதாதையைத் தேடுவது எப்படி?

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே கொல்மா என்றொரு சின்ன ஊர். குடியிருப்பவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். மண்ணுக்கடியில் இருப்பவர்களோ பத்து லட்சத்துக்கும் மேல். நகரத்துக்குள் இனிப் புதைக்கக் கூடாது என்று ஆனபிறகு இடுகாடுகளெல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. அங்கே சீனர்களுக்கான பகுதியில் ஒரு கல்லுக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'லீ' என்று பொறித்திருக்கிறது. பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சீன எழுத்து. சீனம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினால், "இதில் லீ எங்கே இருக்கிறது? ஃபோங் என்றல்லவா எழுதியிருக்கிறது" என்பார்.

கல் வெட்டியவர் தப்புச் செய்யவில்லை. லீ என்பது அரசாங்கத்துக்குக் காட்டிய பெயர். ஃபோங் என்பது பிறந்த பெயர். உயிரோடு இருந்தவரை வெளியில் சொல்ல முடியாததைக் கல்லில் எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்குச் சீன வம்சாவளி நண்பர்கள் உண்டு, இப்போது சம்பந்திகள்கூட உண்டு. "எங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊர்க்காரர் என்றே தெரியவில்லை" என்று அவர்களில் யாராவது ஆரம்பித்தால் எங்கே தொடங்கச் சொல்வது? ஒரே வரியில் சொல்வதானால், இரண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்று, அவர் பெயர் சீன எழுத்தில். இன்னொன்று, அவர் கிராமத்தின் பெயர், அதுவும் சீன எழுத்தில். ஆங்கில எழுத்தில் இருக்கும் பெயரை வைத்துக்கொண்டு சீனாவில் ஒரு அடிகூட நகர முடியாது.

சரி, ஒருவருக்கு எதற்கு இரண்டு பெயர்? அதற்குச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1882 மே மாதம் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரத் தடை வந்தது. வணிகர்கள், மாணவர்கள், ஆசிரியர்கள், தூதரக ஆட்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 1892-இல் இன்னும் இறுக்கினார்கள்: ஏற்கெனவே உள்ளே இருக்கும் சீனத் தொழிலாளி குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடு கடத்தல். இந்தத் தடை நீங்கியது 1943 டிசம்பரில்தான். அப்போதும் வருடத்துக்கு 105 பேர் என்று ஒரு கணக்கு வைத்தார்கள். 105!

இதற்கிடையில் இரண்டு நிகழ்ச்சிகள். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் சீனா போய்த் திரும்பியபோது உள்ளே விட மறுத்தார்கள். அவர் வழக்காடினார். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகனே என்று 1898-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிமகனுக்குச் சீனாவில் பிறக்கும் பிள்ளையும் குடிமகன் ஆகலாம் என்ற வழியும் இருந்தது. அப்புறம் 1906 ஏப்ரல் 18-ஆம் தேதி நிலநடுக்கம், அதைத் தொடர்ந்து பெருந்தீ. சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. "நான் இங்கேதான் பிறந்தேன், ஆவணம் தீயில் போய்விட்டது" என்று ஒருவர் சொன்னால் பொய் என்று நிரூபிக்க வழியில்லை.

குடிமகன் என்று ஒப்புக்கொள்ளப்பட்டவர் ஊருக்குப் போய் ஓரிரு வருடம் இருந்துவிட்டுத் திரும்புவார். "ஊரில் எனக்கு மகன் பிறந்திருக்கிறான்" என்று பதிவு செய்வார். அடுத்த முறையும் ஒரு மகன். சில மகன்கள் உண்மை, சில மகன்கள் காகிதத்தில் மட்டும். பதினைந்து வருடம் கழித்து அந்த இடத்தில் தங்கை மகனோ, பக்கத்து வீட்டுப் பையனோ, காசு கொடுத்த யாரோ ஒருவரோ வந்து இறங்குவார். வயது ஒன்றுக்கு 100 டாலர் என்பது அன்றைக்குப் பரவலாகச் சொல்லப்பட்ட விலை. இப்படி வந்தவர்களைத்தான் 'காகித மகன்கள்' என்கிறார்கள். பெண் குழந்தை பிறந்ததாகச் சொன்னவர்கள் குறைவு. அதற்குச் சந்தை இல்லை.

ஏழை எளியவர்கள் மட்டும் செய்ததாக நினைக்க வேண்டாம். சீனக் குடியரசின் முதல் தலைவரான சுன் யாட் சென் 1904-இல் 'நான் ஹவாயில் பிறந்தவன்' என்று ஒரு பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதை வைத்து அமெரிக்காவுக்குள் வந்தார். அவர் பிறந்ததோ குவாங்டோங் மாகாணத்தில். அவருடைய குடிவரவுக் கோப்பும் மற்றவர்களுடையதைப் போலவே அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆகவே தேடலின் முதல் வேலை, குடும்பப்பெயரைச் சந்தேகப்படுவது. நம் வீட்டில் எல்லாரும் 'லீ' என்றே கையெழுத்துப் போடுகிறோம் என்பது எதையும் நிரூபிக்காது.

பெயரில் வேறு சிக்கல்களும் உண்டு. இனிஷியலைக் கொண்டுபோய் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் போட்டுவிட்டு, காலமெல்லாம் அப்பா பெயரால் கூப்பிடப்படும் நம் ஆட்களுக்கு இது உடனே புரியும். சீனப் பெயரில் குடும்பப்பெயர் முதலில் வரும். வோங் கிம் ஆர்க் என்றால் வோங்தான் குடும்பப்பெயர். எழுத்தர் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டால், பேரப்பிள்ளைகள் எல்லாரும் தாத்தாவின் சொந்தப் பெயரில் பாதியைச் சுமந்துகொண்டு திரிவார்கள். இன்னொன்று 'ஆ'. 'ஆ சிங்', 'ஆ யீ' என்று பழைய பதிவுகளில் நிறையப் பார்க்கலாம். அது பெயரே இல்லை. உரிமையோடு கூப்பிடும்போது முன்னால் சேர்ப்பது. "டேய் குமாரு" என்பதில் 'டேய்' குடும்பப்பெயர் என்று எழுதிக்கொண்டது போலத்தான். ஹவாயில் அகானா என்பது போன்ற குடும்பப்பெயர்கள் இப்படி வந்தவை.

ஒரே எழுத்தை வட்டாரத்துக்கு வட்டாரம் வேறாக உச்சரிப்பார்கள். மாண்டரினில் 'சென்' என்பது கான்டனீஸில் 'சான்', தோய்சான் பேச்சில் 'சின்', ஹொக்கியனில் 'டான்'. நான்கும் ஒரே எழுத்து. இதற்கு நேர்மாறும் உண்டு. நம் அரிச்சுவடியில் சொல்லுக்கு முதலில் வராமல் சும்மா உட்கார்ந்திருக்கும் 'ங்' அவர்களுக்கு ஒரு முழுக் குடும்பப்பெயர். ஆனால் கான்டன்காரர் 'ங்' என்றால் மாண்டரினில் 'வூ'. தியோச்சியூகாரர் 'ங்' என்றால் அது 'ஹுவாங்' ஆக இருக்கலாம். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றே. அதனால்தான் எழுத்தைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது.

பாட்டிகள் விஷயத்தில் ஒரு பெரிய மயக்கம் உண்டு. பதிவில் 'வோங் ஷீ' என்றிருக்கும். 'ஷீ' அவருடைய பெயர் என்று குடும்பமே நம்பிக்கொண்டிருக்கும். வோங் குடும்பத்தில் பிறந்தவள் என்பதுதான் அதன் பொருள், அவ்வளவே. அந்த அம்மாளின் சொந்தப் பெயரை அந்தக் காகிதம் சொல்லவே இல்லை. தொந்தரவான விஷயம்தான், ஆனால் பிறந்த வீட்டின் குடும்பப்பெயராவது கிடைத்ததே என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கே தேடுவது? முதலில் வீட்டுக்குள். பழைய கடித உறைகளில் அனுப்பியவர் முகவரி சீனத்தில் இருக்கும். புகைப்படங்களைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஊர்ச் சங்கம், குலச் சங்கம் கொடுத்த ரசீதுகள் இருக்கலாம். கிடைக்கும் ஒவ்வொன்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரோ வாசித்துச் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைத்துவிடாதீர்கள். பெரியவர்களிடமும் கேட்க வேண்டும். ஆனால் அவர்களில் பலர் "வெளியே பேசாதே" என்று சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள். நாற்காலியைப் போட்டு, போனில் பதிவை ஓடவிட்டு, "உண்மையான பெயர் என்ன?" என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால் பேச்சு தானாக வரும்.

அடுத்தது கல்லறை. பெரும்பாலான கற்களில் மாகாணம், மாவட்டம், கிராமம் என்று வரிசையாகப் பொறித்திருப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்கா வந்த சீனர்களில் மிகப் பெரும்பாலோர் குவாங்டோங் மாகாணத்தின் முத்தாற்று முகத்துவாரத்தைச் சேர்ந்தவர்கள். அதிலும் தைஷான் (மேலே வந்த தோய்சான் இதுதான்), கைப்பிங், என்பிங், சின்ஹுய் என்ற நான்கு மாவட்டங்கள்தான் முக்கியம். கான்டனீஸில் இவற்றைச் சேர்த்து 'செய் யாப்', அதாவது நான்கு மாவட்டம் என்பார்கள். ஊர்ப்பெயர் மாற்றங்களையும் கவனிக்க வேண்டும். தைஷானுக்கு 1914 வரை சின்னிங் என்று பெயர். பழைய காகிதங்களில் 'சன்னிங்' என்றிருப்பது அதுதான். ஷியாங்ஷான் என்ற மாவட்டம் 1925-இல் சுன் யாட் சென் நினைவாக சோங்ஷான் ஆனது. ஹவாய்க்குப் போனவர்களில் இந்த ஊர்க்காரர்கள் நிறைய.

கல்லே இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. வெளிநாட்டில் இறந்தவரைச் சில வருடம் கழித்துத் தோண்டி, எலும்பைச் சுத்தம் செய்து பெட்டியில் வைத்துச் சொந்த ஊருக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. ஹாங்காங்கின் துங் வா மருத்துவமனைதான் அந்தப் பெட்டிகளை வாங்கி ஊர்களுக்குச் சேர்ப்பித்தது. அப்படிப் போனவருக்குக் கல் ஊரில் இருக்கும்.

தேதி கணக்கையும் பழகிக்கொள்ள வேண்டும். கோப்புகளில் 'கே.எஸ். 20' என்றிருந்தால் குவாங்ஷூ பேரரசரின் 20-ஆம் ஆட்சியாண்டு. அதோடு 1874-ஐக் கூட்டினால் 1894. 'சி.ஆர். 10' என்றால் சீனக் குடியரசின் 10-ஆம் ஆண்டு. 1911-ஐக் கூட்டினால் 1921. மாதமும் நாளும் சந்திரக் கணக்கில் இருக்கும். பிரபவ, விபவ என்று நமக்கு 60 வருடச் சுற்று இருப்பது போல அவர்களுக்கும் உண்டு. எந்தச் சுற்று என்று தெரியாமல் படித்தால் தாத்தா 60 வருடம் முன்னதாகப் பிறந்துவிடுவார். வயதும் அப்படித்தான். நம் ஜோசியர் 'நடப்பு 30' என்பாரே, அதைவிட ஒரு படி மேலே: பிறந்தவுடன் ஒரு வயது, புத்தாண்டு வந்தால் எல்லாருக்கும் இன்னொரு வயது. வருடக் கடைசி நாளில் பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயது. ஆகவே கோப்புக்குக் கோப்பு ஒன்றிரண்டு வயது வித்தியாசப்பட்டால் அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இப்போது புதையலுக்கு வருவோம். தடைச் சட்டம் நடப்பில் இருந்தபோது உள்ளே வந்த, வெளியே போன ஒவ்வொரு சீனருக்கும் அமெரிக்க அரசு தனித்தனிக் கோப்பு வைத்தது. இன்று அவை தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளைகளில் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோ துறைமுகக் கோப்புகள் சான் புரூனோவில். சியாட்டில் கிளையிலும் ஒரு பெரிய தொகுப்பு உண்டு. அந்தக் கட்டடத்தை விற்கும் திட்டம் 2020-இல் வந்து, எதிர்ப்புக் கிளம்பி, 2021-இல் கைவிடப்பட்டது. வேறு எந்த நாட்டிலிருந்து வந்தவர்களைப் பற்றியும் அந்தக் காலத்தில் இவ்வளவு எழுதி வைத்ததில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்குக் கப்பல் பட்டியலில் ஒரு வரி. சீனருக்கு நூறு பக்கம். விரட்டுவதற்காகச் சேர்த்த நூறு பக்கம் என்பது வேறு விஷயம்.

கோப்பைத் திறந்தால் முதலில் புகைப்படம். அதற்கடியில் விசாரணைப் படிவம், கேள்வியும் பதிலுமாகத் தட்டச்சு செய்தது. 1910 முதல் 1940 வரை சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள ஏஞ்சல் தீவில் வைத்து இந்த விசாரணைகள் நடந்தன. அப்பாவைத் தனியாக, மகனைத் தனியாகக் கேட்பார்கள். உங்கள் கிராமத்தில் எத்தனை வரிசை வீடு? உங்கள் வீடு எந்த வரிசையில் எத்தனையாவது? கிராமம் எந்தத் திசை பார்த்து இருக்கிறது? கிணறு எங்கே? மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள், அவருக்கு எத்தனை பிள்ளை, மூத்தவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? அரிசிப் பெட்டி எந்த அறையில்? இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உண்மையான அப்பனும் மகனும்கூட இதில் தோற்றதுண்டு. நம் வீட்டு மாடிப்படி எத்தனை என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்லிவிடுவோம்?

காகித மகன்கள் இதற்காகக் குறிப்புப் புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு, கரை தெரியும்போது கடலில் எறிந்துவிடுவார்கள். உள்ளே போனபிறகு சந்தேகம் வந்தால் சமையலாட்கள் வழியாகச் சீட்டு வந்துபோகும். வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அங்கே மரச்சுவரில் அவர்கள் செதுக்கிய கவிதைகளை 1970-இல் ஒரு பூங்கா ஊழியர் கவனித்ததால்தான் அந்தக் கட்டடம் இடிபடாமல் தப்பியது.

கோப்பைக் கேட்டு வாங்கக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். தெரிந்த எல்லாப் பெயர்களையும், வந்த துறைமுகம், வருடம், கப்பல் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். நேரில் போய்ப் பார்க்கக் கட்டணமில்லை, நகலுக்கு உண்டு. முன் பக்கங்களில் அண்ணன் தம்பி, சித்தப்பா என்று உறவினர்களின் கோப்பு எண்களையும் குறித்து வைத்திருப்பார்கள்; அவற்றையும் கேளுங்கள். 'கோப்பு இல்லை' என்று பதில் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். 1944 முதல் வெளிநாட்டவர்களுக்குப் புதிதாக 'ஏ-ஃபைல்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். பலருடைய பழைய கோப்பை எடுத்து அதற்குள் செருகிவிட்டார்கள். அவற்றில் பல இப்போது தேசிய ஆவணக் காப்பகத்துக்கே வந்துவிட்டன; வராததைக் குடிவரவுத் துறையிடம் கேட்க வேண்டும்.

அந்த ஏ-ஃபைலுக்குள் இன்னொரு பொக்கிஷம் இருக்க வாய்ப்புண்டு. 1956-இல் அரசாங்கம் 'ஒப்புதல் திட்டம்' ஒன்றைக் கொண்டுவந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் குடியிருப்பைச் சரிசெய்து தர வழிபார்ப்போம் என்றார்கள். 1965 வரை சுமார் 14,000 பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் ஒப்புக்கொண்டால் அவருடைய காகித அப்பா, காகித அண்ணன் தம்பி எல்லாரும் மாட்டுவார்கள் என்பதால் பல குடும்பங்கள் இதில் உடைந்தன. ஆனால் அந்த வாக்குமூலத்தில் உண்மையான அப்பா, அம்மா, ஊர் எல்லாம் இருக்கும். உண்மையைச் சொன்னபிறகும் சிலர் காகிதப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரில் படித்துக்கொண்டிருந்தார்களே, என்ன செய்வது?

பொய்யான கோப்பு என்று தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடவே கூடாது. புகைப்படம் உண்மை. வந்த தேதி, கப்பல், அமெரிக்காவில் தங்கிய முகவரி, வேலை எல்லாம் பெரும்பாலும் உண்மை. காகித இடங்கள் பல சமயம் சொந்தக்காரர்களுக்கும் ஒரே ஊர்க்காரர்களுக்கும் கைமாறியதால் கிராமமும் உண்மையாக, அல்லது பக்கத்து ஊராக இருக்கலாம். சாட்சி சொல்ல வந்த 'சித்தப்பா'வே சொந்த அப்பாவாக இருக்கக்கூடும். முகச்சாடையைப் பாருங்கள்.

கிராமத்தின் எழுத்து கிடைத்தபிறகு அது உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே பெயரில் பல கிராமங்கள் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் ஒரு கிராமம் என்றால் பெரும்பாலும் ஒரே குடும்பப்பெயர்க்காரர்கள்தான். பெயரும் ஊரும் பொருந்துகிறதா என்று பார்த்தாலே பாதி வடிகட்டிவிடலாம். 1960-களில் ஹாங்காங்கில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் அலுவல் தேவைக்காக, எந்தக் கிராமத்தில் எந்தக் குலம் என்று மாவட்டவாரியாகப் பட்டியல் போட்டது. இன்று பேரப்பிள்ளைகள் ஊரைத் தேடப் பயன்படுத்துவது அதையேதான்.

கிராமத்தில் 'சூபு' என்ற குலப் புத்தகம் இருக்கலாம். முதலில் குடியேறியவர் தொடங்கித் தலைமுறை தலைமுறையாக ஆண்களின் பெயர் இருக்கும். மகள்களைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள், மருமகள்களுக்குப் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் மட்டும். 1966-இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சியில் இவற்றில் நிறைய எரிந்தன. ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களும் உண்டு, வெளிநாட்டில் ஒரு பிரதி தப்பியதும் உண்டு. ஷாங்காய் நூலகத்தில் ஒரு பெரிய தொகுப்பு இருக்கிறது. பல குலங்களுக்குத் 'தலைமுறைக் கவிதை' ஒன்று இருக்கும். அதன் முதல் எழுத்து ஒரு தலைமுறை ஆண்கள் எல்லாருடைய பெயரிலும் வரும், இரண்டாவது எழுத்து அவர்கள் பிள்ளைகள் பெயரில். உங்கள் தாத்தா பெயரிலுள்ள ஒரு எழுத்தைக் கேட்டவுடன், "அப்படியானால் நீ எனக்குப் பேத்தி முறை" என்று ஒரு கிழவர் சொல்லிவிடுவார்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடா 1885-இல் ஒவ்வொரு சீனர் மீதும் 50 டாலர் தலைவரி போட்டு, 1903-இல் அதை 500 ஆக்கியது. அந்த வரிப் பதிவேடு இன்று வம்சாவளி தேடுபவர்களுக்கு நல்ல ஆதாரம். ஆஸ்திரேலியா, வெளியூர் போய்த் திரும்பும் சீனர்களின் சான்றிதழில் முன்முகம், பக்கமுகம், கைரேகை எல்லாம் வைத்தது. நம் நீலகிரியிலும் ஒரு கிளைக்கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் மலாயாப் பக்கத்திலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்ட வேலைக்கு வைக்கப்பட்டார்கள். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

டிஎன்ஏ சோதனை பற்றிக் கேட்பார்கள். சோதனை செய்யும் நிறுவனங்களில் சீனாவிலிருந்து சேர்ந்தவர்கள் குறைவு. அதனால் ஊரைக் கண்டுபிடிக்க உதவாது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் இரண்டு குடும்பத் தாத்தாக்கள் உண்மையிலேயே அண்ணன் தம்பியா, காகிதத்தில் மட்டுமா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஊருக்குப் போவதானால் ஒரு விஷயம். அந்தக் காலத்தில் ஆண்களுக்குப் பிறந்தபோது ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கல்யாணத்தில் ஒரு பெயர் வைப்பார்கள். குலப் புத்தகத்தில் கல்யாணப் பெயரைத் தேட வேண்டியிருக்கும். அது அமெரிக்கக் கோப்பில் இல்லாமல் போகலாம், கல்லில் இருக்கலாம். கொல்மாவில் எடுத்த அந்தப் படத்தை மறக்காமல் போனில் வைத்துக்கொண்டு போங்கள்.